நீலப் பெட்டியும் மாமனார் பெயரும்

போன வாரம் மாமனார் அந்த நீலப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பிள்ளைக்குப் போடுவதுபோல் அதற்கும் பெல்ட் போட்டுக்கொண்டு பிஷ்கெக்கைவிட்டுக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் அவருக்கும் என் ஓரகத்தி பெகாயிமுக்கும் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் ஸூரா, வீட்டின் மூத்த மருமகள். என் வீட்டுக்காரர் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறார். இளையவள் பெகாயிம், என் கொழுந்தன் அஸ்ரெத்தைக் கட்டிக்கொண்டு போன இலையுதிர்காலத்தில் வந்தவள். எங்கள் குடும்பத்துக் கூரியர் கம்பெனிக்கு ஜோர்கோ என்று பெயர். பிஷ்கெக்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஓஷ் போகும் சாலையில் நாங்கள் தொடாத ஊர் கிடையாது.

பெகாயிம் கல்லூரியில் இந்தத் தொழிலையே பாடமாகப் படித்தவள். ஒரே ஆள் ஒரே வண்டியில் கடைசிவரை போவது இந்தக் காலத்துக்கு ஆகாது என்றாள். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, பள்ளத்தாக்கில் ஒரு வண்டி, அந்தப் பக்கம் இன்னொன்று என்று வைத்தால், பார்சல் கை மாறிக் கை மாறிச் சீக்கிரம் போய்விடும் என்று வரைபடமே போட்டுக் காட்டினாள்.

மாமனார் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அமானிதம்மா இது. நம்மள நம்பிக் குடுத்தத நம்ம கையாலதான் கொண்டுபோய்க் குடுக்கணும். நடுவுல இன்னொருத்தன் கை படக் கூடாது," என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

பெட்டிக்குள் இருந்தது இன்சுலின். டோக்டோகுலில் ஜாங்கில் என்ற பள்ளிக்கூட டீச்சருக்கு ஒரே மகள், அய்தாய் என்று பெயர். சர்க்கரை நோய்க்காரப் பெண். பனிச்சரிவால் சாலை அடிக்கடி மூடியதில் அங்கே ஆஸ்பத்திரியிலும் கையிருப்பு தீர்ந்துவிட்டது. குழந்தைக்கு மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை காலை ஊசியோடு சரி.

குளிர்பெட்டி என்றால் குளிரவைக்கும் பெட்டி என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் குளிர்காலத்தில் அது குளிரைத் தடுக்கிற பெட்டி. இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் அதற்கப்புறம் அது வெறும் தண்ணீர். மருந்து மொத்த வியாபாரி அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களிடம் ஒப்படைத்தார். மூடிமேல் வெப்பம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் ஒட்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

காலையில் எங்கள் கிடங்கை நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். மாஸ்கோவிலிருந்து ஒரு லாரி, உரும்சியிலிருந்து ஒரு லாரி என்று வந்து கொட்டிவிட்டுப் போகும். கல்யாணப் பெண்ணின் கவுன், டிராக்டருக்கு பம்பு, தலைச்சாயம், புத்தகம், யாரோ மகன் அம்மாவுக்கு வாங்கி அனுப்பிய ரப்பர் செருப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மதியத்துக்குள் ஒவ்வொன்றும் தன் தன் மூலைக்குப் போயிருக்கும். ராத்திரிக்குள் தன் தன் ஊருக்குப் புறப்பட்டிருக்கும்.

வந்த புதிதில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்றைக்கும் பிளக்கத்தான் செய்கிறேன். அந்த ரப்பர் செருப்பு நடந்த வழி முழுவதையும் அறிந்த ஒரு மனிதன் உலகத்தில் கிடையாது. ஆளுக்குக் கொஞ்ச தூரம்தான் தெரியும். ஆனாலும் அது அந்த அம்மாவின் காலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

அன்றைக்கு எங்களுக்கு அதையெல்லாம் ரசிக்க மனசில்லை. மாமனார் தோ-அஷூ சுரங்கத்தைத் தாண்டி சூசாமிர் பள்ளத்தாக்கில் இறங்கியதும் பின்னால் பனி சரிந்து சாலை மூடிவிட்டது. முன்னால் அலா-பெல் கணவாயும் மூடிக்கிடந்தது. நடுவில் பள்ளத்தாக்கு முழுக்க வண்டி வரிசை. அங்கே அவர் போனுக்கு சிக்னல் இல்லை. வண்டியில் ரேடியோ உண்டு, ஆனால் அதைத் திறந்தால் வம்புதான் கேட்கிறது என்று அவர் திறப்பதே இல்லை.

ஜாங்கில் டீச்சர் காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தாள். வழக்கமாகப் பார்சல் எங்கே என்று கேட்பவர்கள் கத்துவார்கள். அவள் கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேட்டாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொழுந்தன் கூப்பிட்டான். அவன் கணவாய்க்கு அந்தப் பக்கம், டோக்டோகுல் அருகே காருடன் காத்திருந்தான்.

"அண்ணி, நல்லாக் கேட்டுக்குங்க. மீட்புத்துறையோட சங்கிலிச் சக்கர வண்டி ஒண்ணு, பிரசவ வலி வந்த பொண்ணை ஏத்திக்கிட்டு அலா-பெல்லைத் தாண்டி வருது. பெட்டியையும் எடுத்துக்கறேன்னு அதிகாரி ஒத்துக்கிட்டாரு. காத்து அடங்கினதும் கிளம்பிரும், நமக்காக நிக்காது. அத்தாகிட்ட எப்படியாச்சும் சொல்லிருங்க. நான் மேல போய் நிக்கறேன், அங்க போன் எடுக்காது."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வீட்டில் எல்லாருக்கும் மாமனார் அத்தாதான். பள்ளத்தாக்கில் மாமனாரைக் கண்டுபிடித்து, பெட்டியை வரிசையின் முன்னால் நிற்கும் அந்த வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். வேறு வழி கிடையாது.

சூசாமிரில் ஒரு பெட்ரோல் பங்க் பக்கம் மட்டும் சிக்னல் கிடைக்கும். சமார் என்று எங்கள் ஓட்டுநர் ஒருவன் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தான். நான் குரல் பதிவு அனுப்பினால், அவன் தன் போனை லாரி ரேடியோவின் வாயருகே பிடிப்பான். வரிசையில் ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும். ஓட்டுநர்களுக்கு என் குரல் பழக்கம். முகம் தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் நான் ஸூரா அக்கா.

நான் பேசினேன். எங்க வீட்டுப் பெரியவர் வெள்ளை வேன்ல வந்துட்டிருக்காரு, நீலப் பெட்டி வச்சிருக்காரு, பெட்டியை முன்னால மீட்பு வண்டிக்கு அனுப்பணும், யார் பார்த்தாலும் உதவி பண்ணுங்க என்றேன்.

பெகாயிம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அக்கா, பேரைச் சொல்லலையே நீங்க."

எப்படிச் சொல்வேன்? எங்கள் பக்கம் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். இந்த வீட்டுக்கு வந்த இருபது வருஷத்தில் அன்றுவரை நான் சொன்னதில்லை. எழுதினதும் இல்லை. சரக்குச் சீட்டில் ஓட்டுநர் என்ற இடத்தில் 'பெரியவர்' என்றுதான் போடுவேன். எழுதினால் தப்பில்லை என்று சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள். கை மட்டும் என்ன அடுத்த வீட்டுக் கையா? இந்தத் தொடரிலேயே இத்தனை வாரமாக மாமனார் என்றுதான் எழுதுகிறேன். அவர் பெயர் என்ன என்று கேட்டு நீங்கள் கடிதம் போட்டதற்கும் நான் பதில் எழுதவில்லை.

வந்தது வினை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை வேன்கள். எண் பலகைகள் பனியில் மூடிக்கிடந்தன. வேன் ஓட்ட ஒரு பெரியவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். இரண்டு பையன்கள் ஒரு வேனைத் தட்டி, உள்ளே தாடிக்காரக் கிழவரையும் நீலப் பெட்டியையும் பார்த்திருக்கிறார்கள். கிழவர் அரைத் தூக்கத்தில் ஏதோ சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமெடுத்துவிட்டார்கள்.

மீட்பு வண்டி அதிகாரி மூடியைத் திறந்தால் உள்ளே இசிக்-குல் ஏரி மீன். கிழவர் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பட்டப்பகலில் மீன் திருடுகிறார்கள் என்று அவர் ரேடியோவில் போட்ட கூச்சல் சமார் போன் வழியாக எங்கள் அலுவலகம் வரை கேட்டது. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

சமார் குரல் மாறிப்போயிருந்தது. "அக்கா, காத்து அடங்கிட்டே வருது. அதிகாரி இஞ்சினை ஓடவிட்டுட்டாரு. இன்னொரு விஷயம், இங்க நெறைய வண்டியில டீசல் உறைஞ்சு இஞ்சின் நின்னுபோச்சு. ஹீட்டர் கெடையாது. பெரியவர் வண்டியும் அப்படி நின்னிருந்தா பெட்டி தாங்காது. எந்தப் பெரியவர்னு கேக்கறாங்கக்கா எல்லாரும். நான் வந்து மூணு மாசம்தான் ஆகுது, எனக்கே முழுப் பேர் தெரியாது. பேரைச் சொல்லுங்க."

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம். சுமை தூக்குபவர்கள், கணக்குப் பையன், காவல்காரர் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். போனை அணைத்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குள் போவார்கள். அத்தனை பெரிய கிடங்கில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய வாய் ஒன்றுகூட இல்லை. இருந்தது இரண்டு மருமகள்கள்.

"நான் சொல்லிடறேன் அக்கா," என்று பெகாயிம் கையை நீட்டினாள். "ஆபத்துக்குப் பாவமில்லை."

அவள் சொல்லியிருப்பாள். நகரத்துப் பெண், அவளுக்கு நாக்கு புரளும். ஆனால் போன வருஷம் கல்யாணமாகி வந்தவள் மாமனார் பெயரை ரோடு முழுக்கக் கேட்கச் சொன்னாள் என்றால், நாளைக்கு ஒவ்வொரு டீக்கடையிலும் அவளை வைத்துத்தான் பேசுவார்கள். அவளை வளர்த்தவர்களையும் சேர்த்துப் பேசுவார்கள். ஏற்கெனவே அவருக்கும் அவளுக்கும் ஆகவில்லை. அந்தப் பழி அவள் தலையில் விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என்னைப் பேசினால் பேசிக்கொள்ளட்டும் என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன். தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஏதோ திருடப் போகிறவள் மாதிரி வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"நான் ஜோர்கோ ஸூரா பேசறேன். எங்க மாமனார் பேரு ஜுமாகாதிர். காராபால்தா ஊர்க்காரர் ஜுமாகாதிர். அவர்கிட்ட ஒரு குழந்தையோட மருந்து இருக்கு. அது உறையக் கூடாது. அவர் எங்க நிக்கறாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க."

அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பெகாயிம் ஒரு கோப்பை டீ ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

பிறகு வந்தது பாருங்கள். சமார் தன் போனை ரேடியோ பக்கத்திலேயே வைத்துவிட்டான். நாங்கள் அதில் காதை வைத்துக்கொண்டோம். கசகசவென்ற இரைச்சலுக்கு நடுவில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

ஜுமாகாதிர் அண்ணனா என்றது ஒன்று. எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்றது இன்னொன்று. ஒரு வருஷம் இதே பள்ளத்தாக்கில் என் லாரியைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார் என்றான் ஒரு கசாக்குக்காரன். காரட் மூட்டை ஏற்றிவந்த ஓர் உஸ்பெக்குப் பையன், அவர் எனக்கு மூன்று வண்டி முன்னால்தான் நிற்கிறார், இதோ போகிறேன் என்றான். இவ்வளவு பேருக்கு அவரைத் தெரியும் என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியாது.

காரட் லாரிக்காரன் போய்ப் பார்த்தபோது வேனின் இஞ்சின் நின்றுபோயிருந்தது. கண்ணாடி உள்பக்கமே வெள்ளை பூத்துக் கிடந்ததாம். மாமனார் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் ஒரு பெண் அவர் பெயரைச் சொல்லித் தேடுவதைச் சொன்னதும் இறங்கினார். பெட்டியைக் கேட்டால் கொடுக்கவில்லை. நானே நடந்து போய்க் கொடுக்கிறேன் என்றார். வரிசையின் முனை கண்ணுக்கே எட்டாத தூரம், வயசு எழுபதைத் தாண்டியாயிற்று.

அப்போது அந்த உஸ்பெக்குப் பையன் சொன்னதைச் சமார் எங்களுக்கு அப்படியே ஒப்பித்தான். "அத்தா, நீங்க நடந்தா நீங்களும் போய்ச் சேரமாட்டீங்க, பெட்டியும் போய்ச் சேராது. எங்ககிட்டக் குடுத்தா பெட்டி போய்ச் சேரும். இதுல எது அமானிதம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பெட்டியை நீட்டினாராம்.

அதற்கப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டதையே நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒரு லாரியின் கதவு திறக்கும். பெட்டி ஹீட்டர் ஓடும் கேபினுக்குள் போகும். அந்த ஓட்டுநர் கொஞ்சம் சூடேற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி அடுத்த லாரிவரை ஓடுவார். அங்கே இன்னொரு கதவு திறந்திருக்கும். வாங்கிக்கொண்டவர் ரேடியோவில் தன் ஊரை மட்டும் சொல்வார். ஜலாலாபாத். தராஸ். அந்திஜான். நாரின். கொடுத்தவர் குனிந்த தலையோடு தன் வண்டிக்குத் திரும்புவார்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே தேரும் இல்லை, ஊரும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள். எங்களோடு போட்டி போடும் கம்பெனி வண்டிகளும் அதில் இருந்தன, போன மாதம் எங்களோடு வாடகைக்குச் சண்டை போட்டவனும் இருந்தான். யாருடைய குழந்தை, என்ன இனம், கூலி உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மீன்காரக் கிழவரின் குரலும் வந்தது. "வாங்கிட்டேன், வாங்கிட்டேன், இது மீனில்லை," என்றார்.

தொழுகை முடிந்து வந்த எங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றாமல் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சுவரில் பெகாயிம் வரைந்த படம் தொங்கிக்கொண்டிருந்தது. கணவாய்க்குக் கணவாய் கை மாறும் அந்தப் படத்தை அவளே இப்போது பார்க்கவில்லை. "நான் மூணு கைதான் போட்டிருந்தேன் அக்கா," என்றாள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது.

பெட்டி ஏறியதும் மீட்பு வண்டி கிளம்பிவிட்டது என்று சமார் சொன்னான். பிறகு மலைக்கு அந்தப் பக்கம். அங்கே எங்கள் கையில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது கொழுந்தனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது. வாங்கிவிட்டேன் என்றான். அதற்கப்புறம் ஜாங்கில் டீச்சர் கூப்பிட்டாள்.

அய்தாய்க்கு ஊசி போட்டாகிவிட்டது என்ற ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். மருந்து உறையவில்லை என்பதைக் காட்ட ஒரு படம் அனுப்பினாள். ஆஸ்பத்திரி மேஜைமேல் நீலப் பெட்டி. கருவியில் மருந்து தாங்கும் அளவைவிடக் கீழே இறங்காத எண். பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்த ஓர் ஆட்டுத்தோல் கோட்டு.

பெட்டியை இந்தக் கோட்டில் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள், யாருடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள் டீச்சர்.

காலர் உள்பக்கத் தையலை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு நூல் கிடைக்காமல் கறுப்பு நூலால் நான்தான் தைத்தேன். அது மாமனாருடைய கோட்டு. பெட்டியைக் கையைவிட்டு அனுப்பியபோது அவர் அதையும் கழற்றிச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். சூசாமிர் குளிரில், இஞ்சின் செத்த வேனில், வெறும் ஸ்வெட்டரோடு அந்த மனிதர் எங்கே இருக்கிறார்?

சமாரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பெகாயிம் தன் போனில் கூப்பிட்டாள், அதையும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். மீட்பு வண்டி போனதும் ஒருத்தருக்கும் அவரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். குழந்தை பிழைத்த சந்தோஷத்தை முழுசாக ஒரு நிமிஷம் அனுபவிக்க முடியவில்லை.

கடைசியில் சமாரே கூப்பிட்டான். பின்னால் சிரிப்பும் கோப்பைச் சத்தமும் கேட்டது.

"பயப்படாதீங்கக்கா. இங்க என் கேபின்லதான் இருக்காரு. கோட்டில்லாம நின்னவர அந்த உஸ்பெக்குப் பையன் கம்பளியில சுத்தித் தூக்கிட்டு வந்தான். விரல் நுனி கொஞ்சம் வெளுத்திருக்கு, தேய்ச்சுவிட்டோம், இப்ப சரியாயிருச்சு. சூடா சூப் குடிக்கறாரு."

பெகாயிம் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தை மூடினாள். நானும் அழுதுவிட்டேன். மருந்து சேர்ந்தது, குழந்தை நல்லா இருக்குன்னு பெரியவர்கிட்ட சொல்லு என்றேன்.

சொல்லியாகிவிட்டது என்றான் சமார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேட்டுட்டுத் தலையை மட்டும் ஆட்டினாரு. வேற ஒண்ணும் பேசமாட்டேங்கறாரு அக்கா. ஒரே கேள்விதான். எல்லார்கிட்டயும் அதையே கேக்கறாரு."

"என்ன கேள்வி?"

"ரேடியோல என் பேரைச் சொன்ன பொம்பளை யாருன்னு."

கோபத்தில் கேட்கிறாரா, இல்லை வேறு மாதிரியா என்றேன். தெரியவில்லை, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றான். எங்களுக்கு யார்னு தெரியாதுன்னு எல்லாரும் சொல்லிவைத்திருக்கிறோம், அப்படியே விட்டுவிடலாமா என்றும் கேட்டான். அத்தனை ஓட்டுநர்களும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெகாயிம் வேண்டாம் என்பதுபோல் என் கையைப் பிடித்தாள். சுற்றி நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"போனை அவர்கிட்டக் குடு," என்றேன்.

கோப்பைச் சத்தம் நின்றது. மூச்சு விடும் ஒலி மட்டும் வந்தது. இருபது வருஷமாக எனக்குப் பழக்கமான மூச்சு.

"நான்தான் அத்தா," என்றேன்.